பட்டணம் இங்கே, கடல் எங்கே?

போன இதழில், ‘சேலத்தை அடுத்த நம் அயோத்தியாப்பட்டணத்திலிருந்து பரங்கிப்பேட்டைக்குச் சைக்கிளிலேயே போனேன்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அரசியல், சினிமா, தங்கம் விலை எல்லாவற்றையும் தள்ளிவிட்டு இந்த வாரம் வந்த கடிதங்கள் முழுக்கச் சைக்கிள்தான். சரி, பெல் அடித்துவிட்டேன், கிளம்புவோம்.

மின்னாம்பள்ளி தமிழாசிரியர் ஒருவர்: பட்டினம் என்றால் கடற்கரை ஊர். நம் ஊர்ப் பெயரைச் சிலர் ‘அயோத்தியாப்பட்டினம்’ என்றும் எழுதுகிறார்களே, கடல் எங்கே இருக்கிறது?

கிழக்கே, சைக்கிள் மிதித்தால் ஏறத்தாழ 190 கிலோமீட்டர். காவிரிப்பூம்பட்டினம், நாகப்பட்டினம் போலக் கடலைப் பார்த்த ஊருக்குப் ‘பட்டினம்’, உள்நாட்டில் உட்கார்ந்துவிட்ட ஊருக்குப் ‘பட்டணம்’ என்பது நீங்கள் வகுப்பில் சொல்லித் தருவது. நாம் இரண்டையும் எழுதுகிறோம். முன்னால் நிற்கும் ‘அயோத்தியா’வுக்கும் கதை உண்டு: இலங்கையிலிருந்து திரும்பிய ராமர், அயோத்திக்குப் போய்ச் சேரும் முன்பே இங்கே பட்டாபிஷேகக் கோலம் காட்டினார் என்பது கோதண்டராமர் கோயிலின் தலபுராணம். அவருக்குப் புஷ்பக விமானம் இருந்தது. நமக்கு இருப்பது செயினும் பெடலும்.

வாழப்பாடி பாக்கு வியாபாரி: மேட்டுப்பட்டி டோல்கேட்டில் சைக்கிளுக்கு எவ்வளவு கேட்கிறார்கள்?

‘எங்கண்ணா, இந்த வெயில்ல?’ என்று கேட்கிறார்கள். அவ்வளவுதான்.

காரிப்பட்டி வாசகர்: வழி சொல்லுங்கள். கூகுள் காட்டுவது எனக்கும் தெரியும். நீங்கள் போன வழி வேண்டும்.

நான் போனது ஆற்றின் வழி. வசிஷ்ட நதி என்று நம் பக்கம் ஓர் ஆறு இருக்கிறதே (பெரும்பாலான மாதங்களில் மணலும் சீமைக்கருவேலமுமாகத்தான் இருக்கிறது), அது பேளூர், ஏத்தாப்பூர், பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர் என்று கிழக்கே இறங்கி, ஸ்வேத நதியோடு சேர்ந்து வெள்ளாறு என்று பெயர் மாற்றிக்கொள்கிறது. அந்த வெள்ளாறு சேத்தியாத்தோப்பு, புவனகிரி தாண்டிப் பரங்கிப்பேட்டையில் வங்கக் கடலில் விழுகிறது. ஆறு கடலுக்கு வழி தெரிந்து போகிறது, பின்னாலேயே போனால் ஏமாற மாட்டோம் என்று கிளம்பினேன்.

மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் ஆத்தூர். நாற்பத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான், சிரிக்காதீர்கள். வழியில் நிறைய நிற்க வேண்டியிருக்கும். வடக்கே கல்வராயன் மலை கூடவே வரும், தெற்கேயும் மலைகள். நடுவில் நம் ரோடு மேடும் பள்ளமுமாக அலையடித்துக்கொண்டு போகும். காரில் போகிறவருக்கு அது சமவெளி. ஒவ்வொரு மேடும் எவ்வளவு மேடு என்று தொடைக்குத்தான் தெரியும். பாக்குத் தோப்புக்குள் நுழைந்தால் வெயில் சட்டென்று இரண்டு சுற்று குறையும். புத்திரகவுண்டன்பாளையத்தில் 146 அடி முருகன் நிற்கிறார், 2022-ல் குடமுழுக்கு ஆனவர், மலேசியப் பத்துமலை முருகனைவிட ஆறடி உயரம். ரொம்ப தூரத்திலேயே தலை தெரிந்துவிடும். ‘இதோ வந்துவிட்டது’ என்று மிதிப்பீர்கள், வராது. முருகன் பொறுமையைச் சோதிப்பது புராண காலத்திலிருந்தே வழக்கம்.

இரண்டாம் நாள் ஆத்தூரிலிருந்து விருத்தாசலம். தலைவாசல் வரை பெரிய ரோடு. அங்கே தெற்கே திரும்பி ஆறகளூர். வசிஷ்ட நதிக் கரையின் ஐந்து சிவன் கோயில்களைப் பஞ்சபூதத் தலங்கள் என்பார்கள்: பேளூர், ஏத்தாப்பூர், ஆத்தூர், ஆறகளூர், கூகையூர். சைக்கிள்காரருக்கு இந்தக் கோயில்களில் சாமிக்கு அடுத்தபடியாகக் கிடைப்பது கல் மண்டபம், நிழல், குழாயடி. கூகையூரிலிருந்து விருத்தாசலத்துக்கு ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டே போக வேண்டியதுதான். ‘நேராப் போங்க, ஒரு ஆலமரம் வரும்’ என்பார்கள். நான் கேட்டபோது அந்த ஆலமரம் வெட்டிப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் வழி சரிதான்.

மூன்றாம் நாள் விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு, புவனகிரி, பரங்கிப்பேட்டை. கரும்பும் நெல்லும் தட்டையான பூமியும். மேடு தேடினாலும் கிடைக்காது.

பெயர் வெளியிட வேண்டாம் என்ற கல்லூரி மாணவர், சேலம்: கடலை நோக்கிப் போவதென்றால் முழுக்க இறக்கம்தானே? மிதிக்கவே வேண்டாமோ?

கணக்குப் போடுவோம். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரம். அதை 190 கிலோமீட்டருக்குப் பங்கு போட்டால் கிலோமீட்டருக்கு ஒன்றரை மீட்டர் இறக்கம். ஒரு ஆள் உயரம்கூட இல்லை. இந்த இறக்கத்தை வாட்டர் லெவல் குழாய் காட்டும், கால் காட்டாது. மிதியுங்கள் தம்பி.

பெத்தநாயக்கன்பாளையம் விவசாயி: எந்த மாசத்தில் கிளம்பணும்?

இந்த ஒரு கேள்விக்காகவே உங்களுக்கு மாலை போட வேண்டும். மற்ற எல்லோரும் என்ன சைக்கிள் என்று கேட்கிறார்கள், நீங்கள்தான் காற்றைக் கேட்டிருக்கிறீர்கள்.

முதல் தடவை நான் போனது கார்த்திகையில். குளிர்ச்சியாக இருக்கும், ஆற்றில் தண்ணீர் இருக்கும் என்று ஆசை. வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்து மார்க்கும் வாங்கியவன் நான். அது என் மூஞ்சியில்தான் வந்து மோதும் என்று மட்டும் தோன்றவில்லை. தலைவாசல் தாண்டியதும் மழையும் சேர்ந்துகொண்டது. இறக்கத்திலும் மிதித்தால்தான் வண்டி நகர்ந்தது. பக்கத்தில் கரும்பு ஏற்றிப்போன டிராக்டர்காரர் என்னைவிட மெதுவாகப் போக முயன்றும் முடியாமல் முந்திப் போனார். சின்னசேலத்தில் ரயிலேறித் திரும்பி வந்துவிட்டேன். வீட்டில், ‘கடல் எப்படி இருந்துச்சு?’ என்று கேட்டார்கள். ‘ஈரமா’ என்றேன்.

இரண்டாம் தடவை ஆடியில். அம்மியைத் தூக்குகிற காற்று ஐம்பத்து மூன்று வயது ஆளையும் அவன் சைக்கிளையும் தள்ளாதா? மேற்கிலிருந்து முதுகில் கை வைத்துத் தள்ளியது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. விருத்தாசலம் தாண்டிய பிறகு மத்தியானத்தில் காற்று கட்சி மாறும். வெயிலில் தரை சூடாகிற வேகத்தில் கடல் சூடாகாது. தரைமேல் உள்ள காற்று லேசாகி மேலே போக, அந்த இடத்துக்குக் கடல் காற்று உள்ளே வரும், அதாவது நமக்கு எதிரே. ஆகவே மூன்றாம் நாள் மட்டும் வெளுக்கும்போதே கிளம்பி, உச்சிக்கு முன்னால் கடலைத் தொட்டுவிட வேண்டும். தை, மாசியில் போக ஆசையென்றால் தலைகீழாகச் செய்யுங்கள்: சிதம்பரத்துக்கு ரயிலில் போய், அங்கிருந்து வீட்டுக்கு மிதித்து வாருங்கள்.

ஆத்தூர் வாசகி: என் மகன் எண்பதாயிரம் ரூபாய்க்குக் கியர் சைக்கிள் கேட்கிறான். அது இல்லாமல் கடலுக்குப் போக முடியாதாம்.

கடலுக்குப் போகலாம் அம்மா, நண்பர்கள் முன்னால்தான் போக முடியாது. பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிள் உங்கள் வீட்டுக் கொல்லையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடக்கும், பாருங்கள். மாணவிகளுக்கு என்று தொடங்கி மாணவர்களுக்கும் விரிந்த திட்டம் அது. அதை எடுத்து ஓவராயில் பண்ணச் சொல்லுங்கள். இரண்டு டயர், இரண்டு ட்யூப், பிரேக் கட்டை, செயின், வீல் கோட்டம் எடுக்கும் கூலி. அதில் ஆத்தூரிலிருந்து பேளூர் போய் வரட்டும், நாலு ஞாயிற்றுக்கிழமை. ஐந்தாவது ஞாயிறும் கேட்டானென்றால் யோசிக்கலாம். கியர் இருந்தால் மேட்டில் சுகம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் இந்த வழியில் கியர் அவசியப்படுகிற மேடு விரல் விட்டு எண்ணக்கூடியது.

ஏத்தாப்பூர் வாசகர்: முட்டி வலிக்கிறது. வயசா?

சீட்டு. நம் ஊரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர், நின்றால் தரையில் கால் ஊன வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தி வைத்து, முட்டி முகவாயில் இடிக்க மிதிக்கிறார்கள். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருக்கிற அளவுக்குச் சீட்டை உயர்த்துங்கள். ஒரு ஸ்பேனர், இரண்டு நிமிஷம். அப்புறமும் வலித்தால் டாக்டர்.

வலசையூர் வாசகி, வயது 44: எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. இப்போது கற்றுக்கொண்டால் ஊர் சிரிக்குமோ?

சிரிக்கும், ஒரு வாரம். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991, 92-ல் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் பாடத்தில் சேர்த்தார். குவாரிப் பெண்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் கற்றுக்கொண்டார்கள். முதலில் அங்கேயும் ஊர் சிரித்தது, கேவலமாகப் பேசவும் செய்தது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் தட்டுப்பாடு வந்தபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். அதுதான் நல்லது என்றும் சிலர் சொன்னார்கள், நடுக்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். பஸ்ஸுக்கு நிற்காமல், அண்ணன் தம்பி தயவுக்கு நிற்காமல் சந்தைக்கும் தண்ணீருக்கும் அவர்களால் போக முடிந்தது.

கற்றுக்கொள்ளும் விதம்: பெடலைக் கழற்றிவிடுங்கள், சீட்டைத் தாழ்த்துங்கள், லேசான சரிவில் காலால் உந்தி உந்திப் பேலன்ஸ் பழகுங்கள். பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடிவர வீட்டுக்காரர் வேண்டாம். ‘விட மாட்டேன்’ என்பார், விட்டுவிடுவார்.

மாசிநாயக்கன்பட்டி வாசகர்: குரங்குப் பெடல் போட்ட காலம் ஞாபகம் இருக்கிறதா?

முழங்காலில் தழும்பாகவே இருக்கிறது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பெயரில் 2024-ல் ஒரு படம் வந்தது தெரியும், கம்பிக்கு நடுவே காலை விட்டு ஒருக்களித்துத் தொங்கிக்கொண்டு ஓட்டும் வித்தை தெரியாது. மணிக்கணக்கு வாடகைச் சைக்கிள், கடைக்காரர் நோட்டில் எழுதும் நேரம், பத்து நிமிஷம் பிந்தினால் விழும் திட்டு. சைக்கிளுக்கு லைசென்ஸ் வில்லை, ராத்திரி விளக்கு இல்லையென்றால் போலீஸ், டபுள்ஸ் போனாலும் போலீஸ். இன்று ஒரே பைக்கில் நாலு பேர் போகிறார்கள். அந்தக் கால ஏட்டையா பார்த்தால் மயக்கம் போட்டு விழுவார்.

பேளூர் வாசகர்: நடு ரோட்டில் பஞ்சர் ஆனால்?

நடு ரோட்டை விட்டு ஓரத்துக்கு வாருங்கள், அது முதல் வேலை. என் கதை கேளுங்கள். ஆடிப் பயணத்துக்கு முன்னால் ஒரு கடையில் ‘ஃபாரின் ட்யூப், முள் ஏறாது’ என்று மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கினேன். முள் அதைப் படித்திருக்கவில்லை. கூகையூர்ப் பக்கம் ஒரு கருவேல முள், அரை அங்குலம், புஸ்.

அரை மைல் தள்ளிக்கொண்டு போனால் வேப்பமரத்தடியில் பஞ்சர் கடை. பெரியவர் ஒருவர், முண்டா பனியன். நெம்பிக்கரண்டி இரண்டால் டயரை ஒரு பக்கம் விலக்கி ட்யூபை உருவினார். காற்றடித்து, வளைந்த அலுமினியச் சட்டித் தண்ணீரில் சாண் சாணாக அமுக்கிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் கடுகு கடுகாகக் குமிழ். அந்த இடத்தை ஈரம் போகத் துடைத்து, எச்சில் தொட்ட காப்பியிங் பென்சிலால் ஊதா வட்டம். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதி ஊதி ஆற வைத்தார். நான் அவசரத்தில், ‘ஒட்டிடலாமே’ என்றேன். ‘ஈரத்துல ஒட்டுனா நிக்காது சாமி, நீங்க போய் டீ குடிங்க’ என்றார். திரும்பி வந்தபோது ஒட்டு போட்டு முடித்து, டயரின் உள்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். உடைந்து நின்ற முள் முனை இன்னொன்று அங்கே ஒளிந்திருந்தது. அதை எடுக்காமல் போயிருந்தால் அடுத்த மைலில் மறுபடி பஞ்சர். நாற்பது ரூபாய்.

ஆகவே: ஒரு மாற்று ட்யூப், இரண்டு நெம்பிக்கரண்டி, கைப்பம்பு, ஒட்டு, சொல்யூஷன், உப்புத்தாள். டயரின் உள்பக்கத்தைத் தடவிப் பார்க்காமல் ட்யூப் மாட்டாதீர்கள்.

குப்பனூர் வாசகர்: எங்கள் ஊர் வழியாக ஏற்காடு ஏறலாமே? கடலுக்குத்தான் போக வேண்டுமா?

ஏறலாம், இறங்கும்போது என்னைத் திட்டாதீர்கள். சேலத்திலிருந்து நேராகப் போகும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு, வண்டி நெரிசல். குப்பனூர், கொட்டச்சேடு வழியில் வண்டி குறைவு, குறுகல், சில இடங்களில் செங்குத்து. ஒற்றைக் கியர் சைக்கிளில் பாதி வழி தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும், அதில் வெட்கம் இல்லை. வருகையில் பிரேக்கைப் பிடித்த பிடியாக வராதீர்கள், ரிம் கொதித்து ட்யூப் வெடிக்கும். முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி, விட்டு விட்டுப் பிடியுங்கள். நடுவில் இரண்டு இடத்தில் நின்று ரிம்மை ஆற விடுங்கள். அடை மழைக் காலத்தில் மண் சரிகிற பாதை, அப்போது வேண்டாம். இதுவே ஆட்டம் காட்டினால் கொல்லிமலையின் 70 வளைவைப் பற்றிக் கேட்டு எழுதாதீர்கள்.

ராமலிங்கபுரம் வாசகர்: எங்கள் ஊர் மழை எந்தக் கடலுக்குப் போகிறது?

அழகான கேள்வி. மஞ்சவாடிப் பக்கம் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலத்துக்குள் புகுந்து, படாத பாடு பட்டு, நாமக்கல் மாவட்டத்தில் நன்செய் இடையாறு அருகே காவிரியில் சேர்கிறது. நமக்குக் கிழக்கே விழும் மழை வசிஷ்ட நதிக்கு. ஒன்று பூம்புகார், மற்றது பரங்கிப்பேட்டை. இரண்டும் வங்கக் கடல்தான், வாசல்தான் வேறு.

டிஎன்பிஎஸ்சி படிப்பவர், அம்மாப்பேட்டை: விரிகுடா, வளைகுடா என்ன வித்தியாசம்?

வாய் விரிந்திருந்தால் விரிகுடா, நிலம் வளைத்துப் பிடித்திருந்தால் வளைகுடா. வங்காள விரிகுடா, மன்னார் வளைகுடா. உலகிலேயே பெரிய விரிகுடா நம்முடையதுதான். இரண்டு மார்க் உறுதி.

சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகர் (சொந்த ஊர் தலைவாசல்): வெளிநாட்டில் விரிகுடாவை ஒட்டிச் சைக்கிளுக்கென்றே வழி போட்டிருக்கிறார்கள். நம் ஊரில் எப்போது?

இங்கிலாந்தில் மோர்கேம் விரிகுடாவை ஒட்டி அப்படி ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 130 கிலோமீட்டர், 700 என்று எண் போட்டுத் திருப்பத்துக்குத் திருப்பம் பலகை. நம்மிடம் பலகை இல்லையே தவிர, வழி இல்லாமல் இல்லை. நால்வழிச் சாலை வந்தபிறகு ஊருக்குள் ஓடிய பழைய ரோடுகள் எல்லாம் சும்மா கிடக்கின்றன, இரண்டு பக்கமும் புளியமரத்தோடு. ஒவ்வோர் ஊரிலும் பைபாஸை விட்டுப் பழைய ரோட்டில் உள்ளே போங்கள். டீ, பஞ்சர் கடை, பேச்சுத்துணை மூன்றும் அங்கேதான். பைபாஸில் லாரிக் காற்றுதான் கிடைக்கும். அரசாங்கம் புதிதாக ரோடு போட வேண்டாம். பழைய ரோட்டில் பத்து கிலோமீட்டருக்கு ஒரு பலகையும் ஒரு குடிநீர்க் குழாயும் வைத்தால் போதும். நெடுஞ்சாலைத் துறையில் யாராவது இதைப் படிக்கிறீர்களா?

அதுவரை நமக்குப் பலகை, மைல்கல்தான். தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, ஓரமாகப் போங்கள். பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, கொஞ்சம் மூச்சு விடலாம். ஆரஞ்சு தெரிந்தால் கிராமச் சாலை, பாட்டுப் பாடலாம்.

கன்னங்குறிச்சி வாசகர்: நான் ஒரே நாளில் 200 கிலோமீட்டர் ஓட்டுகிறவன். நீங்கள் மூன்று நாள் என்பது வேடிக்கையாக இருக்கிறது.

வணக்கம் ஐயா. ‘பிரவே’ என்கிற நெடுந்தூர ஓட்டத்தில் 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40 என்று கெடு. பிரான்சில் நாலு வருஷத்துக்கு ஒருமுறை பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ், 1,200 கிலோமீட்டர், 90 மணி நேரம். அதன் கதை 1891-ல் தொடங்குகிறது. ஓட்டுகிறவர்கள் மேல் எனக்கு மரியாதைதான். ஆனால் ஆத்தூரைத் தாண்டியபோது சேகோ ஆலைக் களத்தில் ஜவ்வரிசி காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தீர்களா? சிமெண்ட் தளம் முழுக்க வெள்ளை, அதன் மேல் வெறுங்காலோடு நடந்து காலாலேயே கோடு கோடாகக் கிளறிக்கொண்டே போகும் பெண்கள், கண் கூசும் வெளிச்சம், மூக்கைத் துளைக்கும் மரவள்ளித் திப்பியின் புளித்த வாசம். நான் முக்கால் மணி நேரம் நின்றேன். கெடு வைத்துக்கொண்டு போயிருந்தால் வாசம் மட்டும்தான் கிடைத்திருக்கும்.

அதே வாசகர்: சரி, உலகம் சுற்றிய இந்தியர் யாராவது?

1923-ல் பம்பாயிலிருந்து கிளம்பிய பார்சி இளைஞர்களில் ஆதி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பும்காரா மூவர் 1928-ல் உலகைச் சுற்றித் திரும்பினார்கள். நாலரை வருஷம். பார்த்தீர்களா, அவர்களும் அவசரப்படவில்லை.

உடையாப்பட்டி வாசகி: வழியில் என்ன சாப்பிடுவது? என் கணவர் தட்டுவடை செட் கட்டிக்கொண்டு போகலாம் என்கிறார்.

தட்டுவடை செட்டைக் கட்டிக்கொண்டு போனால் பத்தாவது கிலோமீட்டரில் அது துவையல். கிளம்பும் முன் இட்லி, பையில் கடலை மிட்டாய், வாழைப்பழம். தாகம் எடுத்த பிறகு குடிக்காமல், எடுக்கும் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். வெறும் தண்ணீராகவே லிட்டர் லிட்டராகக் குடிக்காதீர்கள், வேர்வையில் போகும் உப்பும் உள்ளே போக வேண்டும். உப்புப் போட்ட நீர்மோருக்கு மேல் ஒரு பானம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. பதினொரு மணிக்கு மேல் மூன்று மணி வரை மிதிக்காமல் கோயில் மண்டபத்தில் படுக்கச் சொல்லுங்கள். தட்டுவடை செட் திரும்பி வந்த பிறகு.

அயோத்தியாப்பட்டணம் பள்ளி மாணவன்: நாய் துரத்தினால்?

வேகமாக மிதிக்காதே தம்பி, அதற்கு அந்த விளையாட்டு ரொம்பப் பிடிக்கும். இறங்கு. சைக்கிளை உனக்கும் அதற்கும் நடுவில் வைத்துக்கொண்டு நட. ஓடாத ஆளிடம் அதற்கு வேலை இல்லை.

தாரமங்கலம் வாசகர்: பரங்கிப்பேட்டையில் அப்படி என்ன இருக்கிறது? பாண்டிச்சேரி போகலாமே!

பாண்டிச்சேரிக்குப் போகிறவர்கள் திரும்பி வரும்போது சைக்கிள் ஓட்டுகிற நிலையில் இருப்பதில்லை.

பரங்கிப்பேட்டைக்கும் நமக்கும் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. போர்த்துக்கீசியர் ‘போர்ட்டோ நோவோ’, புதுத் துறைமுகம், என்று பெயர் வைத்த ஊர் அது. பரங்கியர் பேட்டை என்று நாம் வைத்தோம். 1781 ஜூலை 1-ல் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டுக்கும் அங்கே பெரிய போர். ஹைதர் தோற்றார். பிறகு 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கிழக்கிந்தியக் கம்பெனியின் முன்னாள் உத்தியோகஸ்தர் அங்கே இரும்பாலை நடத்தினார். சேலத்தில் வேலை பார்த்தபோது நம் மண்ணின் இரும்பைப் பார்த்து மயங்கியவர் அவர். அந்த ஆலைக்கு இரும்புத் தாது போனது நம் சேலம் ஜில்லாவிலிருந்து. ஆலை நிலைக்கவில்லை. ஆக, சேலத்து இரும்பு ஏறத்தாழ இருநூறு வருஷத்துக்கு முன்னாலேயே பரங்கிப்பேட்டை போய்விட்டது. உங்கள் சைக்கிள் கொஞ்சம் தாமதம்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் அங்கே இருக்கிறது. கொஞ்சம் தெற்கே பிச்சாவரம் அலையாத்திக் காடு. நண்டு சாப்பிடுகிறவர் என்றால் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

செவ்வாய்ப்பேட்டை வாசகி: கடலைப் பார்த்ததும் என்ன தோன்றியது? உண்மையைச் சொல்லுங்கள்.

உட்கார வேண்டும் என்று தோன்றியது, ஆனால் உட்காரும் இடம்தான் வலித்தது. அதனால் நின்றுகொண்டே பார்த்தேன். முகத்துவாரத்தில் ஆறும் கடலும் எங்கே பிரிகின்றன என்று சொல்ல முடியாது. ஒரு பக்கம் கலங்கிய பச்சை, ஒரு பக்கம் நீலம், நடுவே நுரைக் கோடு ஒன்று முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருந்தது. மிளகாய் உலர்த்துவது போல ஒருவர் வலையை உதறி உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ‘எங்கேருந்து?’ என்றார். ‘சேலம்.’ ‘சைக்கிள்லயா?’ ‘ஆமாம்.’ கொஞ்ச நேரம் டயரைப் பார்த்தார். ‘உப்புக் காத்து, வூட்டுக்குப் போன ஒடனே நல்லாக் கழுவி எண்ணெ போட்டுடுங்க, துரு புடிச்சிரும்’ என்றார். எனக்கு அன்று கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

முத்தம்பட்டி வாசகர்: திரும்பி வருவது?

மிதித்து வரலாம், ஆடியென்றால் எதிர்க்காற்று. ரயில் நல்லது. காரைக்கால்-பெங்களூரு ரயில் சிதம்பரம், நெய்வேலி, விருத்தாசலம், ஆத்தூர் வழியாகச் சேலம் வருகிறது. நேரத்தை மட்டும் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். சைக்கிளை லக்கேஜ் என்று புக் செய்ய வேண்டும், பார்சல் அலுவலகத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். நடுவழியில் மூச்சு முட்டினாலும் கவலை வேண்டாம், சேலம்-விருத்தாசலம் ரயில் பாதை ரோட்டை விட்டு ரொம்ப விலகாமல் கூடவே வருகிறது: வாழப்பாடி, ஏத்தாப்பூர் ரோடு, பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர், தலைவாசல், சின்னசேலம். கார்த்திகையில் என்னைக் காப்பாற்றியது அதுதான்.

ஏழு வாசகர்கள் தனித்தனியாக: அடுத்த முறை எங்களையும் கூட்டிப்போவீர்களா?

ஆடி இரண்டாவது ஞாயிறு, விடியற்காலை நாலரை மணி, கோதண்டராமர் கோயில் வாசல். யாருக்காகவும் காத்திருக்க மாட்டேன், ஆனால் மெதுவாகத்தான் போவேன், பிடித்துவிடலாம். முன்னும் பின்னும் விளக்கு, ஹெல்மெட், மாற்று ட்யூப் கட்டாயம். சீட்டை உயர்த்திக்கொண்டு வாருங்கள்.